மனைக்கண் கற்பித்தாரும் அவர்தம் கல்வியும்

சிறாரைப் பள்ளிக்குப் போக்காது மனைக்கண்ணே வைத்துப் பெற்றோர் தாமே கற்பிக்கும் வழக்கம் மேனாடுகளில் தொன்றுதொட்டு வருவதாகும். இங்கிலாந்தில் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேனும் பிறவாற்றானேனும் தக்க கல்வி பெறுமாறு செய்தல் பெற்றோர் கடன் என்று விதித்து, இவ்வழக்கத்திற்கு இடந்தந்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் இராச்சியங்கள் ஐம்பதிலும் 1993-ஆம் ஆண்டளவில் இது சட்டத்திற்கு உடன்பாடாயிற்று. இதனைப்பற்றி ஆராய்வார் பெரும்பாலும் ஒரு வினாவையே எழுப்புவர். அஃதாவது, இவ்வாறு பயிலும் பிள்ளை பள்ளியிற் பயிலும் பிள்ளைக்குக் கல்வியில் ஒப்பாகுமா, தாழுமா, மிகுமா என்பது. அவ்வினா பெரியதே. எனினும் அதனை அறிஞர்பால் விடுத்து, அதற்கு அயலே கிடக்கும் மற்றொரு சிறு வினாவை எடுத்துக்கொள்ள யான் விழைகின்றேன். கற்பிக்கும் தாயோ தந்தையோ அவ்வாண்டுகளில் தாம் என்ன ஆகின்றனர்? தமக்குரிய நூற்பயிற்சியும் தமக்குரிய விருப்பமும் அவர்க்கு எஞ்சுகின்றனவா? அன்றி எல்லாம் பிள்ளையின் பாடப்புத்தகத்துள் அடங்கி மறைந்துவிடுகின்றனவா?

இவ்வினா என் உள்ளத்துள் எழுந்ததற்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன். முதற்கண், மேனாட்டு வரலாற்றில் நன்கு அறியப்பட்ட இரண்டு இல்லங்களுள் நுழைந்து பார்ப்போம்.

முதலாவது, இங்கிலாந்தில் இலிங்கன் நாட்டுப்புறத்து எப்வொர்த்து என்னும் சிற்றூரில் இருந்த குருமனை. அதன் தலைவி சுசன்னா வெஸ்லி அம்மையார். 1669-இல் இலண்டனில் பிறந்த இவர், திருச்சபைப் பிரிவினையாளருள் பெயர்பெற்ற போதகராகிய சாமுவேல் ஆன்ஸ்லியின் மகளார். பதின்மூன்று அகவை நிரம்புமுன்னரே இருதிறத்தார் வாதங்களையும் தாமே சீர்தூக்கி, தந்தையின் பக்கத்தை விட்டு ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்தவர் என்றால், இவர்தம் அறிவின் இயல்பு விளங்கும். இவர் ஈன்ற மக்கள் பத்தொன்பதின்மர். அவருள் குழவிப் பருவம் கடந்து வளர்ந்தவர் பதின்மர். கணவர் சாமுவேல் வெஸ்லியோ புலமை மிக்கவர். ஆனால் கடனும் மிக்கவர். 1705-இல் கடனுக்காக இலிங்கன் கோட்டைச் சிறையிலும் இருந்தார். யோபின் நூலைப்பற்றி இலத்தீன் மொழியில் ஒரு பேராராய்ச்சி எழுதுதலில் அவர் பல்லாண்டு கழித்தார். ஓர் இல்லத்தில் ஒருவர் யோபினை ஆராய்ந்திருக்க, மற்றொருவர் அடுப்பையும் பத்துப் பிள்ளைகளையும் ஆராய வேண்டியிருந்தது என்று சொல்வது கேலியாகத் தோன்றலாம். ஆயினும் நடந்தது அதுவே.

அம்மையார் தம் மக்களுக்குக் கற்பித்த முறையைத் தம் புதல்வர் ஜான் வெஸ்லி வேண்டியவாறு 1732-இல் ஒரு கடிதத்தில் எழுதி வைத்தனர். ஐந்தாம் பிறந்தநாள் கழியுமட்டும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் எழுத்தறிவிப்பதில்லை. அது கழிந்த மறுநாள் பள்ளி தொடங்கும். முந்தின நாளே இல்லம் ஒழுங்கு செய்யப்படும்; ஒவ்வொருவர்க்கும் அவரவர் வேலை பகுக்கப்படும்; காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரையும், பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரையும் அவ்வறையுள் வேறெவரும் புகலாகாது. அந்த ஒரு நாளுள் பிள்ளை நெடுங்கணக்கு முழுதும் கற்றல் வேண்டும். இருவர் மட்டுமே ஒன்றரை நாள் கொண்டனர். மறுநாளே ஆதியாகமத்தின் முதல் வசனத்தை எழுத்துக்கூட்டத் தொடங்குவர். பெண்மக்கள் நன்றாகப் படிக்கக் கற்குமுன் அவர்க்குத் தையல் முதலிய கைவேலை கற்பித்தலாகாது என்பதும் அவ்வில்லத்தின் விதிகளுள் ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு நாட்டுப்புறத்துக் குருமனையில் இத்தகைய விதி இருந்தது எண்ணி மகிழத்தக்கது.

அக்கடிதத்தில் மற்றொன்றும் உளது. தம் முறையைக் கைக்கொள்ள விரும்புவோர் மெய்யாகவே உலகைத் துறந்தாலன்றி அது கைகூடாது என்றும், பிள்ளைகளின் ஆன்ம நலங்கருதித் தம் வாழ்வின் செழித்த பருவத்தில் இருபது ஆண்டிற்கு மேலாகச் செலவிட முன்வருவார் மிகச் சிலரே என்றும் அம்மையார் எழுதுகின்றார். இதனைப் படித்தபொழுது யான் சற்றே நின்றேன். இதில் முறையீடு இல்லை, தற்புகழ்ச்சியும் இல்லை. கணக்கர் ஒருவர் செலவினைக் கணக்கேட்டிற் பதிவதுபோல் இருபது ஆண்டு என்று பதிந்து வைக்கின்றார், அவ்வளவே.

அவ்விருபது ஆண்டும் முற்றிலும் செலவாகிவிட்டனவா எனின், இல்லை. நாடோறும் காலையிலும் மாலையிலும் தமக்கென ஒரு நேரத்தை அவர் ஒதுக்கி, அறையுள் தனித்திருந்து படிப்பதும் எண்ணுவதும் எழுதுவதுமாக இருந்தார். அவ்வேளைகளில் எழுதிய நாட்குறிப்பேடுகள் சில இன்றும் உள. 1997-இல் அவர் எழுதியன எல்லாம் ஒரு நூலாகத் தொகுக்கப்பட்டு ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக அச்சகத்தின் வாயிலாக வெளிவந்தன. அக்குறிப்புகளில் லாக்கு என்னும் ஆங்கிலத் தத்துவ அறிஞரும், பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞரும் வருகின்றனர். பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டுவித்த நாவும், மாந்தர் அறிவு எவ்வாறு தோன்றுகிறது என்று லாக்குடன் வழக்காடிய உள்ளமும் ஒருவருடையனவே. 1709-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் குருமனை தீப்பற்றி எரிந்தது. ஐந்து வயதுச் சிறுவன் ஜான் பலகணி வழியாக மீட்கப்பட்ட வரலாறு பலரும் அறிந்தது. அத்தீயில் அம்மையாருடைய எழுத்துகளும் எரிந்தன. மக்கள் பல வீடுகளில் சிதறி வாழ நேர்ந்த அக்காலத்தை யடுத்து, அவர் ஓய்ந்திராமல், மகள் சுக்கிக்கு விசுவாசப் பிரமாணத்தின் விளக்கம் ஒன்றை நீண்ட கடிதமாக எழுதினர். மூத்த மகள் எமிலியாவுடன் உரையாடுவதுபோல் மற்றொரு நூலும் இயற்றினர். பிள்ளைக்குப் பாடம் என்று தொடங்கிய எழுத்து தமக்கே ஓர் ஆராய்ச்சியாக வளர்ந்தமையை இவற்றில் காணலாம்.

இனி, தமிழ் பயிலும் நமக்கு மிக அணித்தான செய்தி ஒன்றுக்கு வருகின்றேன். 1711-ஆம் ஆண்டின் இறுதியில் கணவர் திருச்சபை மாமன்றத்திற்காக இலண்டன் சென்றிருந்தார். அப்பொழுது எமிலியா தந்தையின் படிப்பறையில் ஒரு நூலைக் கண்டெடுத்தாள். தேனிய நாட்டு மிஷனெரிமார் இருவரின் வரலாறு அது. அவர் யாவர்? 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9-ஆம் நாள் நம் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புளுத்சோ என்னும் இருவரே. அவர் எழுதியனுப்பிய கடிதங்கள் 1709 முதல் இலண்டனில் ஆங்கிலத்தில் அச்சாகி வந்தன. அம்மையார் அந்நூலை மகளைக்கொண்டு படிக்கக் கேட்டார். அதனாற் பெரிதும் நெகிழ்ந்து, சில நாள் வேறொன்றையும் எண்ணவும் பேசவும் மாட்டாதவராயினர் என்பதை 1712 பிப்ரவரியில் கணவர்க்கு எழுதிய கடிதத்தால் அறிகின்றோம். தாம் ஆடவரும் அல்லர், குருவும் அல்லர்; எனினும் இதுவரை செய்ததினும் மிகுதியாக ஏதேனும் செய்யலாகும் என்று துணிந்தனர். அத்துணிவின் பயன் யாதெனில், ஒவ்வோர் இரவும் ஒரு பிள்ளையோடு தனித்திருந்து பேசுதல். திங்கட்கிழமை மாலியோடு, செவ்வாய் ஹெட்டியோடு, புதன் நான்சியோடு, வியாழன் ஜானோடு, வெள்ளி பேட்டியோடு, சனி சார்ல்ஸோடு, ஞாயிறன்று எமிலியாவும் சுக்கியும் ஒருங்கே. அவ்வியாழக்கிழமை மாலையை ஜான் வெஸ்லி மறந்தாரல்லர். இருபது ஆண்டு கழிந்து, ஆக்ஸ்போர்டில் ஆசிரியராய் இருந்த காலத்தும், அச்சிறு நேரத்தைத் தமக்கு இன்னும் அளிக்குமாறு தாய்க்குக் கடிதம் எழுதினார்.

அந்நூல் அம்மையாரின் பாடத்திட்டத்தில் இருந்ததன்று. பிள்ளைக்குக் கற்பித்தற்பொருட்டு அவர் அதனைத் தேடியதும் இல்லை. ஒரு மாலைப்பொழுதில், தற்செயலாய்க் கைக்கு வந்த நூலைத் தம் மகிழ்ச்சிக்காகவே கேட்டனர். அவ்வில்லத்துக் கல்வியின் சிறந்த பகுதி அதிலிருந்தே பிறந்தது. தரங்கம்பாடிக் கடற்கரையில் எழுதப்பட்டது எப்வொர்த்தில் ஒரு தாயின் வியாழக்கிழமை ஆயிற்று. அக்கடிதங்களை எழுதிய சீகன்பால்கு அந்நாளில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதும் நோக்கத்தக்கது. ஏறக்குறைய இருபத்துநான்கு அகவையினராய் வந்த அவர், ஒரு தமிழ்க் கணக்காயரை மாணாக்கரோடு தம் மனைக்கு வருவித்து, அச்சிறுவர்களின் நடுவே தாமும் அமர்ந்து, மணலில் விரலால் அகர ஆகாரம் எழுதிப் பயின்றார். சில ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களைத் திரட்டி அட்டவணையும் வகுத்தார். 1715-இல் அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடி அச்சில் முற்றுப்பெற்றது. கற்பிக்க வந்தவர் முதலில் மணலில் அமர்ந்தார். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு படிப்பவரை வேண்டுகின்றேன். அடுத்த இல்லத்திற்குச் செல்லும்பொழுது இது வேண்டப்படும்.

எப்வொர்த்து இல்லத்தை விட்டுப் போகுமுன் ஒரு குறையையும் சொல்லுதல் முறை. அங்கே ஒரே மேசையில் ஒரே முறையில் கற்றவருள் ஆடவர் மூவரும் பின்னர்ப் பெரும் பள்ளிகளுக்கும் ஆக்ஸ்போர்டுக்கும் சென்றனர். பெண்மக்களுக்கு அவ்வாயில்கள் திறக்கப்படவில்லை. ஹெட்டி கவிபாடும் ஆற்றல் வாய்ந்தவள். இளமையிலேயே கிரேக்கம் கற்றவள். 1725-இல் தனக்குச் சிறிதும் ஒவ்வாத ஒருவனுக்கு மணமுடிக்கப்பட்டு நெடுந்துன்பம் உற்றாள். மனைக்கண் கற்ற கல்வி மனைக்கு வெளியே செல்ல வழியில்லாதபோது, அது கற்றவர்க்கு ஒளியும் ஆகும், சுமையும் ஆகும். இதற்குத் தாயைக் குறைகூறுதல் தகாது.

இரண்டாவது இல்லம் இலண்டனில் ஜேம்ஸ் மில் என்பாருடையது. 1773-இல் ஸ்காத்லாந்தில் ஒரு செருப்புத் தைப்பவரின் மகனாய்ப் பிறந்து, எடின்பரோப் பல்கலைக்கழகத்திற் பயின்று, 1802-இல் இலண்டன் வந்து எழுத்துத் தொழிலால் பிழைத்தவர் அவர். மக்கள் ஒன்பதின்மர். மூத்தவர் 1806-இல் பிறந்த ஜான் ஸ்டூவர்ட் மில். அவ்வாண்டிலேயே தந்தையார் பிரிட்டிஷ் இந்தியாவின் சரித்திரம் என்னும் பெருநூலை எழுதத் தொடங்கினார். அது மூன்று பகுதிகளாய் முற்றுப்பெற ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டு சென்றது. மகனுக்கு மூன்றாம் வயதில் கிரேக்கமும் எட்டாம் வயதில் இலத்தீனும் தொடங்கின. இவ்விரண்டு வேலையும் நடந்தது ஒரே அறையில், ஒரே மேசையில். அக்காலத்தில் கிரேக்கச் சொற்களுக்கு ஆங்கிலத்திற் பொருள்கூறும் அகராதி இல்லை. இலத்தீனிற் பொருள்கூறும் அகராதியே இருந்தது. இலத்தீன் அறியாத சிறுவன் தெரியாத சொல் ஒவ்வொன்றையும் தந்தையிடமே கேட்க வேண்டும். பொறுமை என்பது சிறிதும் இல்லாதவர் எனத் தம் மகனாலேயே குறிக்கப்பட்ட அவர், இவ்விடையூற்றை நாள்தோறும் பொறுத்துக்கொண்டே அச்சரித்திரத்தையும், குடும்பம் காக்கப் பத்திரிகைகளுக்கு எழுதிய பிறவற்றையும் எழுதி முடித்தார். 1873-இல் வெளிவந்த மகனின் சுயசரிதையில் இச்செய்தி உள்ளது. விடுதியில் ஓர் அறையிற் பலர் இருந்து படிக்கும் நமக்கு, ஒரு பத்தி எழுதுவதற்குள் பக்கத்திலிருப்பவர் இருமுறை பேசினாலும் சினம் வருகின்றது. பன்னிரண்டு ஆண்டுகள் அதனைப் பொறுத்தவரை எளிதாக இகழ்தல் ஆகாது.

காலையுணவுக்கு முன் தந்தையும் மகனும் பசும்புல் வழிகளில் உலாவச் செல்வர். முந்தின நாள் படித்த சரித்திரங்களைச் சிறுவன் சிறு தாள்களில் குறித்து வைத்திருப்பான். அக்குறிப்புகளைக் கொண்டு நடந்தவாறே கதை சொல்லுவான். மகனுக்குப் பதின்மூன்று வயதானபோது இவ்வுலாவே பொருளாதாரப் பாடமாயிற்று. தந்தை நாளொன்றுக்கு ஒரு பகுதியை வாயால் விளக்குவார். மகன் மறுநாள் அதனை எழுதிக் காட்டுவான். தெளிவும் திட்பமும் வருமளவும் திரும்பத் திரும்ப எழுதுவிப்பார். பின்னர் 1821-இல் தந்தையார் பொருளாதாரத்தின் மூலங்கள் என்னும் நூலை எழுதியபோது, அக்குறிப்புகளே அவர்க்கு அடிப்படையாய் உதவின. மகனுக்குக் கற்பித்தது தந்தைக்கு நூலாயிற்று. மகனும் எட்டாம் வயதிலேயே தங்கைக்கு இலத்தீன் கற்பிக்க ஏவப்பட்டான். அவ்வேலையை அவன் வெறுத்தான். ஆயினும் கற்பித்தவற்றைத் தான் திண்ணமாய்க் கற்க அது உதவிற்று என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

இவ்வளவில் நின்றால், மனைக்கண் கற்பிக்கும் தந்தை தம் ஆராய்ச்சியைக் கைவிட வேண்டுவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று இல்லை எனலாம். ஆனால் நிற்றல் இயலாது. அம்மேசையில் எழுதப்பட்ட நூல் யாதென்று நாம் கேட்க வேண்டாவா? ஜேம்ஸ் மில் நம் நாட்டிற்கு ஒருகாலும் வந்தவர் அல்லர். நம் நாட்டு மொழிகளுள் ஒன்றையும் அறியார். இதனைக் குறையென்று அவர் கருதவும் இல்லை. ஒரு நாட்டைப்பற்றி எழுதுவார்க்கு ஆங்குச் சென்று காண்டலும் அம்மொழி அறிதலும் இன்றியமையாதன அல்ல, எழுதப்பட்ட சான்றுகளை ஓரறையில் இருந்து ஆராய்வதே நன்று என்று முன்னுரையில் வாதிக்கின்றார். அவ்வாறு இருந்து, இந்துக்களின் நாகரிகம் மிகத் தாழ்ந்தது என்று தீர்ப்பும் எழுதினார். 1840 முதல் அந்நூலைப் பதிப்பித்த வடமொழிப் பேராசிரியர் வில்சன் என்பார், அடிக்குறிப்புகளில் அத்தீர்ப்புகளைப் பலவிடத்தும் மறுக்க வேண்டியவரானார். மூன்று வயதுக் குழந்தையைக் கிரேக்க நெடுங்கணக்கின்முன் அமர்த்தியவர், தாம் தமிழ் நெடுங்கணக்கின்முன்னோ நாகர நெடுங்கணக்கின்முன்னோ அமர இசைந்தாரல்லர். தரங்கம்பாடி மணலை ஈண்டு நினைவுகூர்க. ஜேம்ஸ் மில் நாள்தோறும் உழைத்தார், எழுதினார், ஆராய்ந்தார், இவற்றில் ஐயமில்லை. ஆனால் தாம் ஒன்றும் அறியாதவராய், பிழைபடுபவராய், ஒருவர் திருத்தத் திருந்துபவராய் அம்மேசையில் அவர் ஒருநாளும் அமர்ந்ததாகத் தெரியவில்லை. மகன் கண்டது எப்பொழுதும் விடையறிந்த தந்தையையே.

மகனுக்கு இருபது வயதில், 1826-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், பெரியதோர் உளச்சோர்வு வந்தது. தாம் விரும்பிய சீர்திருத்தங்கள் எல்லாம் அந்நொடியே நிறைவேறினும் தமக்கு மகிழ்ச்சி உண்டாகுமா என்று தம்மைக் கேட்டுப் பார்த்து, இல்லை என்ற விடையைக் கண்டு நடுங்கினார். இதனை யாரிடம் சொல்லுவது? எல்லாவற்றிலும் தமக்கு வழிகாட்டியவர் தந்தையே. ஆயினும் இதனைச் சொல்லுதற்கு உலகில் இறுதியாகத் தேடத்தக்கவரும் தந்தையே என்று எழுதுகின்றார். பிரெஞ்சு ஆசிரியர் மார்மொன்தெல் தம் இளமை வரலாற்றில், தந்தையார் இறந்தபோது குடும்பத்திற்குத் தாமே எல்லாமாவேன் என்று உறுதிகொண்ட பகுதியைப் படித்துக் கண்ணீர் விட்டபொழுதே சுமை சிறிது குறைந்தது. 1828-இல் வேர்ட்ஸ்வர்த்தின் பாடல்கள் மருந்தாயின. கவிதை அவர்க்குப் பாடத்திட்டத்தில் சிறிதளவே இருந்தது. இருபத்திரண்டாம் வயதில், எவரும் கற்பியாமல், அவர் அதனைத் தாமே கற்க வேண்டியதாயிற்று.

அவ்வில்லத்தின் தாயாரைப்பற்றி ஒரு சொல். ஹாரியட் என்பது அவர் பெயர். 1805-இல் மணம் முடிந்து ஒன்பது மக்களை ஈன்று வளர்த்தவர். மகனின் சுயசரிதை அச்சான வடிவில் அவரைப்பற்றி ஒன்றும் இல்லை. முதல் வரைவில் இருந்த சில குறிப்புகளும் நீக்கப்பட்டன. தந்தையும் மகனும் மேசையில் அமர்ந்திருந்த அப்பன்னிரண்டு ஆண்டுகளும் அவ்வீட்டிற் சோறு சமைக்கப்பட்டுத்தான் இருக்கும். தம் ஆராய்ச்சியை நடத்திக்கொண்டே பிள்ளைக்குக் கற்பித்த தந்தையரைப் புகழும்போது, அதற்குரிய நேரம் எங்கிருந்து வந்தது என்பதையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

இக்கணக்கை உணர்ந்து தாய்மார்க்கென்றே வழிவகுத்தவர் சார்லட் மேசன் அம்மையார் (1842–1923). 1887-இல் பிராட்போர்டு நகரில் பெற்றோர் தேசியக் கல்விச் சங்கம் இவர் முயற்சியால் தோன்றியது. 1890-இல் பெற்றோர்க்கென ஒரு திங்களிதழ் தொடங்கினார். 1892-இல் ஆம்பிள்சைடு என்னும் ஏரிநாட்டு ஊரில் பயிற்சிக் கல்லூரி ஒன்றும் நிறுவினார். மனைக்கண் கற்கும் சிறார்க்குப் பாடத்திட்டங்கள் அஞ்சல் வழியாக அனுப்பப்பட்டன. அவ்விதழில் 1892-ஐ ஒட்டி வந்த கட்டுரை ஒன்று தாயின் சொந்தக் கல்வியைப்பற்றியது. பிள்ளைகளுக்காகத் தம்மை முற்றும் தேய்த்துக்கொள்ளும் தாய், அவர்கள் வளர்ந்தபின் அவர்களோடு பேசுதற்கும் ஒன்றுமில்லாதவராய் நிற்கின்றார் என்றும், நாளொன்றுக்கு அரைமணி நேரமேனும் அவர் படித்தல் வேண்டும் என்றும், கடினமானது ஒன்று, நடுத்தரமானது ஒன்று, நெடுங்கதை ஒன்று என மூன்று நூல்களை எப்போதும் கைக்கெட்ட வைத்து அவ்வப்போது மனநிலைக்கு ஏற்றதை எடுத்தல் நன்று என்றும் அக்கட்டுரை கூறுகின்றது. அறிவுரை எளிது. எனினும் மூன்று நூல் என்ற கருத்து எனக்குப் பிடித்தது. களைத்த மாலையில் கடினமான நூலை எடுக்க மாட்டாமையே பலர்க்குப் படிப்பை முற்றும் விடுதற்குக் காரணமாகின்றது.

அண்மைக் காலத்து அமெரிக்கர் ஒருவரையும் குறிப்பிட வேண்டும். ஜான் ஹோல்ட் (1923–1985) பள்ளியாசிரியராய் இருந்து, பள்ளிகளைத் திருத்தலாம் என்று நூல்கள் எழுதி, அது கைகூடாது எனக் கண்டு, 1977-இல் பாஸ்டனிலிருந்து மனைக்கல்விப் பெற்றோர்க்காக ஒரு சிற்றிதழ் தொடங்கினார். அது அவர் மறைவிற்குப் பின்னும் 2001 வரை வெளிவந்தது. பெற்றோர் தாமே எழுதிய கடிதங்கள் அதன் பெரும்பகுதி. அவர் மணம் செய்துகொண்டவரும் அல்லர்; மக்களைப் பெற்றவரும் அல்லர். இதனை ஒரு குறையாகச் சிலர் கூறுவர். ஆயினும் அவர் செய்த ஒன்று பெற்றோர் பலர்க்கு அவர் கூறிய பலவற்றினும் பயன்பட்டது என எண்ணுகின்றேன். நாற்பது வயதளவில், இளமையில் இசைப்பயிற்சி இல்லாத அவர், செல்லோ என்னும் பெரிய நரம்புக் கருவியைக் கையிலெடுத்துத் தொடக்கத்திலிருந்து கற்றார். விரல் பிறழ்ந்ததும், சுருதி விலகியதும், பிறர்முன் வாசிக்க அஞ்சியதும் எல்லாவற்றையும் 1978-இல் ஒரு நூலாகவே எழுதி வெளியிட்டார். இளமையிற் கல்லாதது பின்னர் வராது என்னும் கொள்கையை அந்நூல் எதிர்க்கின்றது. சிறுவர்க்கு வேண்டியது, எப்போதும் தம்மையே கவனித்துக் கொண்டிருக்கும் பெரியோர் அல்லர். தமக்கு அருமையான ஒரு வேலையிற் கருத்தூன்றி, அதில் தவறித் திருந்தும் பெரியோரை அருகிருந்து காணும் வாய்ப்பு என்பது அவர் கருத்துகளுள் ஒன்று. ஜேம்ஸ் மில்லின் மேசையில் முதற்பாதி இருந்தது; பிற்பாதி இல்லை.

இனி, முன்னர்க் கூறுவேன் என்றதைக் கூறுகின்றேன். யான் எட்டாம் வயதில் நெடுங்காய்ச்சலால் ஓராண்டு பள்ளிக்குச் செல்ல இயலாதிருந்தேன். அவ்வாண்டு எனக்கு ஆசிரியர் என் அன்னையார். அவர் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். ஆங்கிலம் அறியார், ஆதலின் என் ஆங்கிலப் பாடநூலை அவரும் என்னோடு கற்றார். இரவில் யான் உறங்கியபின் மறுநாட் பாடத்தைத் தாம் முன்னதாகப் படித்து வைப்பார். சிலபோது என்னிடமே பொருள் கேட்பார். எனக்குத் தெரிந்தால் எனக்குண்டாகும் பெருமிதத்திற்கு அளவில்லை. ஆண்டிறுதியில் இருவரும் அந்நூலை முடித்தோம். பின்னர் யான் பள்ளிக்கும், அதன்பின் விடுதிக்கும் சென்றேன். அவர் அந்நூலை அலமாரியில் வைத்தார். அதற்கு மேல் ஒரு பக்கமும் படித்தாரல்லர். யானும் படியுங்கள் என்று சொன்னேனல்லேன். அவ்வோராண்டும் அவர் கற்றது எனக்காகவா, தமக்காகவுமா என்று பத்தாண்டுகளாக யான் கேட்டதில்லை. எப்வொர்த்துக் கடிதத்தில் இருபது ஆண்டு என்ற கணக்கைப் படித்த அன்றே அவ்வினா எனக்குத் தோன்றியது.

கடந்த விடுமுறையில் வீட்டிற்குச் சென்றபொழுது, இக்கட்டுரைக்கென எடுத்த குறிப்புகளை அன்னையாருக்குப் படித்துக் காட்டினேன். அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார். மில்லின் கிரேக்கம் அவரைக் கவரவில்லை. தரங்கம்பாடிச் செய்தி வந்தபோது முறத்தைக் கீழே வைத்தார். நாகப்பட்டினத்திற்கு ஒரு திருமணத்தின்பொருட்டுச் சென்றபோது அக்கோட்டையைத் தாம் பார்த்ததுண்டு என்றார். பிறகு சிறிது நேரம் பேசாதிருந்து, “அந்த அம்மா ஒவ்வோர் இரவும் ஒரு பிள்ளையோடு பேசினார்கள் என்கிறாயே, தமக்கென்று படிக்க ஒதுக்கிய வேளையில் பிள்ளைகள் வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வார்கள்?” என்று கேட்டார்.

சுசன்னா அம்மையாரின் முதுமையைப்பற்றி யான் அப்பொழுது அவருக்குச் சொன்னேன். 1735-இல் கணவர் இறந்தபின் அவர் மக்கள் வீடுகளில் மாறிமாறி வாழ்ந்து, இறுதியில் இலண்டனில் ஜானுடைய இருப்பிடத்தில் தங்கினார். 1741-இல், எழுபதைக் கடந்த அவர், முன்குறிப்பு என்னும் சமயக் கொள்கையைப்பற்றி விட்பீல்டு என்னும் போதகர் எழுதியதை மறுத்து ஒரு சிறு நூல் எழுதினார். அது ஆசிரியர் பெயரின்றி அச்சாயிற்று. மறு ஆண்டு அவர் இறந்தார். அந்நூலை எழுதியவர் அவரே என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் ஆராய்ச்சியாளரால் துணியப்பட்டது.

“பெயர் போடாமலா?” என்று கேட்டுவிட்டு, அன்னையார் முறத்தை மீண்டும் எடுத்துக்கொண்டு, அக்கடிதத்தின் தமிழாக்கம் உண்டானால் அடுத்த முறை வரும்போது கொண்டு வருமாறு சொன்னார். யான் மொழிபெயர்க்கத் தொடங்கியிருக்கின்றேன். தம் பழைய ஆங்கிலப் பாடநூலையும் அருகில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதாகக் கூறியிருக்கின்றார்.